கதிரை போடுகிறவர்

போன மாதம் வெம்பிளியில் ஒரு கலியாண வீடு. எந்த மேசையில் இடம் இருக்கிறது என்று நானும் கணவரும் பார்த்துக்கொண்டு நிற்கையில், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டது. தோளில் கிடந்த துணியால் இருக்கையை ஒருமுறை துடைத்தது. பிறகுதான் ஆளைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இருங்கோ தங்கச்சி. எவ்வளவு காலம் உங்களைக் கண்டு! மகள் எப்பிடி? சுகமா இருக்கிறாவோ?"

நான் இருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி, மான்செஸ்டரில் படிக்கிற மகளுக்கு அடித்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்து, "அம்மா, லைப்ரரியிலை இருக்கிறன். வாட் ஹாப்பண்ட்?" என்று குசுகுசுத்தாள். ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டேன். காலை பத்து மணிக்கு என்ன சாப்பாடு என்று அவள் எரிந்து விழுந்தாள். அந்த எரிச்சலைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கணவர் பின்னாலேயே வந்துவிட்டார். "ஒரு மனிசன் பிள்ளையைச் சுகம் கேட்டதுக்கு இப்பிடியே ஓடுறது? சனம் என்ன நினைக்கும்?" என்றார். சனம் என்ன நினைக்கும் என்பது அவருடைய வாழ்நாள் கவலை. தாலி கட்டி, அறுகரிசி போட்டு வாழ்த்தி, சாப்பாடு முடியும்வரை நான் நின்றபடியே நின்றேன். அந்த மண்டபத்தில் இருந்த கதிரைகள் அத்தனையும் அவருடையவை.

அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. லண்டன் முழுக்க அவர் 'கதிரை அண்ணை'தான். நாற்காலியை நாங்கள் கதிரை என்போம். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, அரங்கேற்றம், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி, எதுவென்றாலும் கதிரை வாடகைக்குக் கொடுப்பது அவருடைய தொழில். கலியாணம் என்றால் வெள்ளை உறை போட்டு, முதுகில் நாடாவைப் பூப்போல முடிந்துவிடுவார். முன்பு பாரிஸில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்து, பிறகு இங்கே வந்து சொந்தமாகச் சாமான் ஏற்றுகிற வான் வாங்கி முன்னுக்கு வந்தவர் என்று சொல்வார்கள். கடின உழைப்பாளி. அதில் எனக்கு மறுபேச்சில்லை.

ஆள் குள்ளம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கெட்ட செய்தி ஒன்றையும் அவர் வாயால் சொன்னதில்லை. சுகம் மட்டும் கேட்பார். நான் டூட்டிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். எங்கள் வைத்தியர் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இந்த முறை விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?" என்று ஆளைக் கேட்பார். கதிரை அண்ணையின் குரலும் அந்தக் குரல்தான். வாயைத் திறந்துவிட்டோம் என்றால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, அவர் ஒரு கதிரையிலும் இருந்து நான் கண்டதேயில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் தேநீரை வாங்கிக்கொண்டு கதவு நிலையோடு சாய்ந்து நிற்பார். இருங்கோ அண்ணை என்று எத்தனை தரம் சொன்னாலும், "நான் கதிரை போடுற ஆள் தங்கச்சி, இருக்கிற ஆள் இல்லை" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

அவரைப் பிடிக்காது என்று சொல்ல வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். என் மாமா, அதாவது கணவரின் அப்பா, ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எங்களுக்கு உதவிக்கு ஓடி வந்த முதல் ஆள் அவர். ஒரு நாள் பின்னேரம் போன் பண்ணி, "மாமா எப்பிடித் தங்கச்சி?" என்று கேட்டார். முன்னரைவிடப் பரவாயில்லை, கஞ்சி குடித்தார் என்றேன். விடியப்புறம் மாமா போய்விட்டார். நாங்கள் அழுது முடித்து, யார் யாருக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் வெள்ளை வான் நிற்கிறது. பின்வளவில் தார்ப்பாய் கட்டி, மழை ஈரம் துடைத்து, வரிசையாகக் கதிரை போட்டிருந்தது. காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். என் கணவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அன்று இரவு படுக்கப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வீட்டுக்கு வரும்வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் நம்மாட்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், யாராவது சொல்லியிருப்பார்கள் என்றார். அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி இருக்க முடியும்?

இனி எங்கள் பாராளுமன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். நாங்கள் விட்டுவந்த எங்கள் பக்கத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் லண்டனில் ஒரு சங்கம் உண்டு. அந்த ஊர்ச்சங்கங்களில் கொஞ்சம் சேர்ந்து, ஊருக்கொரு ஆளைத் தெரிவு செய்து அனுப்பி, ஒரு பேரவை நடத்தின. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். தலைவர், சட்டதிட்டங்களுக்கு ஒரு யாப்பு, தீர்மானம், வாக்கெடுப்பு எல்லாம் இருந்தபடியால் சனம் நையாண்டியாக அதைப் பாராளுமன்றம் என்றது. கொஞ்ச நாளில் நாங்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டோம். எங்கள் ஊருக்கு நான் உறுப்பினர். எனக்கு அரசியல் ஞானம் இருந்ததால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கெல்லாம் கிரிக்கெட் இருந்தது.

டூட்டிங்கில் ஒரு தேவாலயத்து மண்டபத்தில் கூடுவோம். கிழமை நாட்களில் அது பாலர் பள்ளி. சுவரில் சின்னக் கைகளை மையில் தோய்த்துப் பதித்த படங்கள். மூலையில் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரைகள், சிவப்பும் மஞ்சளுமாக முழங்கால் உயரத்தில் அடுக்கிக் கிடக்கும். பெரியவர்களுக்கு அங்கே கதிரை கிடையாது. கதிரை அண்ணை தானும் ஒரு ஊருக்கு உறுப்பினர் என்றபடியால், பேரவைக்கென்று இலவசமாகக் கதிரை கொண்டுவருவார். எங்களுக்கு முன்னரே வந்து, குதிரை லாடம் போல வளைத்துப் போட்டு, கலியாண உறை மாட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊர்ப்பெயர் எழுதிய துணியைக் குத்தி வைப்பார். அவரவர் ஊரில் அவரவர் இருக்க வேண்டும். மணவறைக்கு வந்தவர்கள் மாதிரி அந்த வெள்ளைக் கதிரைகளில் இருந்துகொண்டு நாங்கள் நாட்டின் தலைவிதியைப் பற்றிக் கதைப்போம்.

அவருக்கு மட்டும் அங்கே கதிரை இல்லை. வாசல் கதவடியில் நிற்பார்.

ஒருமுறை கூட்டம் முடிந்து கதிரைகளை மடக்கிக் கொடுக்க நானும் நின்றேன். ஊரில் இருந்த காலத்திலும் இதுதானா வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "ஓம் தங்கச்சி. வாசிகசாலைக் கதிரையள் என்ரை பொறுப்பு" என்றார். "இயக்கப் பெடியள் கூட்டம் வைச்சாங்கள், போட்டன். பிறகு அவங்களைத் தேடி வந்தவங்கள் கூட்டம் வைச்சாங்கள், அவங்களுக்கும் போட்டன். வெளிநாட்டு ஆமி வந்தது. மந்திரி வந்தார். எல்லாருக்கும் அதே கதிரையள்தான்." துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தக் கதிரையளிலை இருந்த ஆக்கள் கனபேர் இப்ப இல்லை. கதிரை போடுறவனை ஒருத்தரும் சுடமாட்டினம் தங்கச்சி."

அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு அந்த ஆண்டு வந்தது. நாட்டில் பெட்ரோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. தெற்கில் சனம் வீதிக்கு இறங்கி, மேலே இருந்தவர்கள் ஓடி, புதியவர்கள் வந்தார்கள். இனி எல்லாம் மாறும் என்று ஒரு பக்கம், ஒன்றும் மாறாது என்று இன்னொரு பக்கம். வந்தவர்கள் லண்டனுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பப் போவதாகவும், எங்கள் பேரவையைச் சந்திக்க விரும்புவதாகவும் தகவல் வந்தது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வெம்பிளியில் மண்டபம் பார்த்தார்கள். கதிரைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

என் கவலை வேறு. எங்கள் ஊரில் பாதிக் காணி ஆமி முகாமுக்குள் கிடக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டுச் சனம் வீதியோரம் ஒரு கொட்டில் போட்டு மாதக்கணக்காக இருந்தது. அதில் முன்னுக்கு நின்றவன் என் தம்பி. ஒருமுறை அவனை விசாரணைக்குக் கூட்டிப்போய், பகல் முழுக்க இருத்திவிட்டு விட்டிருந்தார்கள். "உன்ரை அக்கா லண்டனிலை பெரிய ஆளாமே" என்று கேட்டார்களாம். போனில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் வெளியே தெரிந்த ஆளைத் தொட யோசிப்பார்கள். ஒருவருக்கும் தெரியாதவன் ஒருவருக்கும் தெரியாமலே போய்விடுவான். அது எங்கள் நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

ஆகவே நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தூதுக்குழுவோடு பேசுவதானால், கொட்டிலில் இருக்கிற சனத்தையும் என் தம்பியையும் பெயர் சொல்லி, இவர்களைத் தொடக்கூடாது என்பதைத்தான் முதல் வார்த்தையாகப் பேச வேண்டும். அவ்வளவுதான். முதல் வாசிப்பில் அரைவாசிக்கு மேல் தலையாட்டினார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வாக்கெடுப்பை அடுத்த மாதமல்ல, அதற்கடுத்த மாதக் கூட்டத்தில் வைப்போம் என்றார்.

தீர்மானத்தை வழிமொழிந்தவர் எங்கள் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பேரவையின் யாப்பை எழுதியவரும் அவர்தான். அடுத்த கூட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் கதிரை அண்ணை மாஸ்டருக்குப் போன் பண்ணி, "மாஸ்டர், முழங்கால் நோ எப்பிடி?" என்று விசாரித்திருக்கிறார். மாஸ்டருக்கு மகிழ்ச்சி. என்ன அருமையான பிள்ளை என்று மனைவியிடம் சொன்னாராம். ஞாயிறு மண்டபத்துக்கு வந்தால், அவருடைய ஊரின் கதிரை இல்லை.

இடைவெளிகூட இல்லை. பல்லைப் பிடுங்கினால் அந்த இடம் கொஞ்ச நாளைக்காவது ஓட்டையாக இருக்கும். இவர் மற்றக் கதிரைகளை நெருக்கிப் போட்டு, அங்கே ஒன்று இருந்ததே தெரியாமல் செய்திருந்தார். மாஸ்டர் ஒரு சுற்றுப் பார்த்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைவர் கூட்டக் குறிப்பைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். கதவடியில் நின்றவர் சிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு அலுவல் கிடக்கு" என்று மாஸ்டர் பொதுவாகச் சொல்லிவிட்டு, கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதர் அவமானப்பட்டு நான் பார்த்ததில்லை.

பின்னால் ஓடிப்போய் வீதியில் பிடித்தேன். "மாஸ்டர், உங்களை ஒருத்தரும் விலத்தேல்லை. விலத்துறதெண்டால் வாக்கெடுக்கோணும், நீங்கள்தானே யாப்பிலை எழுதினது? உள்ளுக்கை வந்து நிண்டாலும் உங்களுக்கு வாக்கு இருக்கு" என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பிள்ளை, கதிரை போடாத இடத்திலை நான் போய் நிக்கிறதோ?" என்றார்.

அதற்குப் பிறகு அது தொற்றுவியாதி மாதிரிப் பரவியது. தூதுக்குழுவின் வரவு நெருங்க நெருங்க, தலைவர் அவசரக் கூட்டம் என்று ஞாயிறுக்கு ஞாயிறு வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தீர்மானத்துக்குத் தலையாட்டியவர்களில் ஒருவருக்குச் சுகம் விசாரித்துப் போன் வரும். ஒருவருக்கு அம்மாவின் கண் ஆபரேஷன். இன்னொருவருக்கு மகனின் வேலை. மறுநாள் அந்த ஊர் இருக்காது. லாடம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொருவரும் வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பார்கள், கார் சாவியைத் தேடுவார்கள், போய்விடுவார்கள். ஒரு கடிதம் இல்லை, ஒரு வாக்கு இல்லை, உரத்து ஒரு சொல் இல்லை. எங்கள் பாராளுமன்றத்தில் ஒருவரையும் ஒருவரும் வெளியேற்றவில்லை. எல்லாரையும் அவரவர் மானமே வெளியே கூட்டிக்கொண்டு போனது. வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் மழைக்குள் மணிக்கணக்காக நின்று வேலை கேட்ட ஆட்கள்தான். நம்மாட்கள் முன்னால் ஒரு கதிரை இல்லாமல் போனால் மட்டும் ஒரு நிமிடம் நிற்க ஏலாது. எனக்கு அவர்களையெல்லாம் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருந்தது.

கதிரையை எடுக்கச் சொன்னது யார்? தலைவர் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அவர் சொல்லிக் கேட்டவர் ஒருவருமில்லை. மாஸ்டரின் மனைவி வேறு மாதிரிச் சொன்னார். அந்த மனிதனுக்கு விசயம் முன்கூட்டியே தெரியும், வாயால் சொல்லப் பயம், ஆகவே சுகம் கேட்டுச் சாடைகாட்டுகிறார், பாவம் என்றார். கத்தியைப் பிடித்திருக்கிறவரா, கத்தி வருகிறது என்று சொல்கிறவரா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் சனிக்கிழமை. நான் சோற்றுக்கு உலை வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது.

"தங்கச்சி, கதிரை அண்ணை கதைக்கிறன். உங்களுக்கு இடுப்பிலை நாரிப்பிடிப்பு எண்டு ஆரோ சொல்லிச்சினம். இப்ப எப்பிடி?"

"சுகம் அண்ணை."

"பாரம் தூக்காதேங்கோ. நல்லா ஓய்வெடுங்கோ."

கணவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "இஞ்சரும், நாளைக்குப் போகாதையும். சனத்துக்கு முன்னாலை போய் முழிச்சுக்கொண்டு நிக்கப் போறீரோ?" என்றார். தம்பிக்காகத்தான் போகிறேன் என்றேன். நான் ஒவ்வொரு பழைய உறுப்பினருக்கும் போன் பண்ணி, வந்து நின்றாலே போதும் என்று மன்றாடினேன். ஓம் பாப்பம் என்றார்கள். எங்கள் பேச்சில் ஓம் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஞாயிறு மண்டபத்துக்குப் போனேன். என் ஊர் இல்லை. மிஞ்சியிருந்த வெள்ளைக் கதிரைகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி நெருங்கியிருந்தன. எல்லாரும் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள். திரும்பிப் போய்விட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது, அதை மறைக்க மாட்டேன். மாஸ்டர் ஏன் போனார் என்று அந்த நிமிடம் எனக்கு நன்றாக விளங்கியது.

மூலைக்குப் போய், பிள்ளைகளின் கதிரைகளில் மேலே கிடந்த சிவப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, லாடத்தின் வாயில், தலைவருக்கு நேர் எதிரே வைத்து இருந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லாருடைய கால் சப்பாத்தும்தான் முதலில் தெரிந்தது.

"தங்கச்சி, அது சின்னப்பிள்ளையளின்ரை..." என்றார் தலைவர்.

"எனக்கு இது காணும் ஐயா. நீங்கள் கூட்டத்தைத் தொடங்குங்கோ."

ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழும்பிப் போகாத ஆளுக்கு அவர்களிடம் மருந்து இருக்கவில்லை. தீர்மானத்தை வாசித்தேன். தம்பியின் முழுப் பெயரையும் இரண்டு தரம் வாசித்தேன். பிறகு வாக்கெடுப்பு. மிச்சம் இருந்தவர்களிலும் சிலர், நான் இருந்த கோலத்தைப் பார்த்தோ என்னவோ, எனக்காகக் கை உயர்த்தினார்கள். தலைவர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். ஒரு கை குறைந்துவிட்டது.

கதவைப் பார்த்தேன். கதிரை அண்ணைக்கும் ஒரு வாக்கு இருந்தது. அவர் ஒருநாளும் கை உயர்த்தியதில்லை. வாக்கெடுப்பு என்றதும் அவருடைய கையில் எப்படியோ ஒரு கதிரை வந்துவிடும், அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். அன்றும் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் முதுகில் எங்கள் ஊரின் பெயர் குத்தியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வீதியின் மறுகரையில் ஒரு கார் நின்றது. உள்ளே மாஸ்டர். வந்திருக்கிறார். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்து, வீதியைக் கடக்க மனமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கதிரை அண்ணை வந்து நான் இருந்த சின்னக் கதிரையைக் கையில் எடுத்தார். துணியால் துடைத்தார். கால்களையும் துடைத்தார். பூ எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டுபோய் மற்றவைக்கு மேல் அடுக்கினார்.

"இதிலை இருந்தால் நாரி இன்னும் நோகும், தங்கச்சி" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்ததா, அது வெறும் வெளிச்சமா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி எவ்வளவோ யோசித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றி, கணவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு இருந்தேன். தோற்றாலும் பெயரைச் சொல்லியாகிவிட்டது, குறிப்பில் ஏறியிருக்கும், நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஒருநாளும் அடித்ததில்லை.

"தங்கச்சி, கதிரை அண்ணை. சாப்பிட்டாச்சோ?"

"ஓம்."

"ஊரிலை தம்பி சுகமோ?"

அவருக்குப் பின்னால் வானின் கதவை யாரோ இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, கேட்டனான் எண்டு சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார். மற்ற எல்லாருக்கும் ஒரு நாள் தவணை தந்தவர் எனக்கு அதைத் தரவில்லை. அல்லது அவருக்கே அவ்வளவு நேரம்தான் கிடைத்திருந்ததோ என்னவோ.

தம்பிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு அடித்தேன். அங்கே விளக்கு வைக்கிற நேரம். தம்பியின் மனைவி எடுத்தாள். பின்னால் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. அவள் குரலில் பதற்றம் இல்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் எல்லாரும் கதைக்கிற மாதிரித்தான், தாழ்த்திக் கதைத்தாள்.

"மச்சாள், பிறகு எடுக்கட்டே? ஆரோ கொஞ்ச ஆக்கள் வந்திருக்கினம். இவரோடை ஏதோ கதைக்க வேணுமாம். விறாந்தையிலை கதிரை போட்டு இருத்தியிருக்கிறன். தேத்தண்ணி வைக்கப் போறன்."

தேநீர் ஆறுமுன் அவர்கள் எழும்பினார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே கேட்டாலும், அப்படி ஒரு ஆளை ஒருவரும் கூட்டிவரவில்லை என்கிறார்கள். அந்தக் கதிரைகள் இன்றைக்கும் விறாந்தையில் போட்டபடியே கிடக்கின்றன. எடுத்து அடுக்க அவளுக்குக் கை வரவில்லையாம்.